எழுதித் தராத மறுப்பு

அத்தியாயம் 11

"அது என்னம்மா சத்தம்?" என்று டாக்டர் கேட்டார்.

டெபோராவின் மடியிலிருந்த பிரெய்ல் பலகையிலிருந்து வந்த சத்தம் அது. தடித்த தாளைச் சட்டத்துக்குள் செருகி, மரப்பிடி போட்ட எழுத்தூசியால் புள்ளி புள்ளியாகக் குத்திக்கொண்டிருந்தாள். ஓட்டுக்கூரையில் தூறல் விழுவதுபோல் டக் டக்கென்று, நிற்காமல், ஒரே சீராக.

"நீங்க சொல்றதை எழுதிக்கினு இருக்கேன் சார். நீங்க சொல்லுங்க."

டாக்டர் ரமணாவின் நாற்காலி கிறீச்சிட்டது. அந்த அறைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பது அந்த மருத்துவமனையின் விதி. வாசலிலேயே மூன்று செல்போன்களையும் வாங்கி, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டோக்கன் கொடுத்திருந்தார்கள். எழுத்தூசியை வாங்கி வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாலு மாதமாகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடையாய் நடந்து, இன்று ஊசி தொடங்கும் தேதியைக் கேட்டு வாங்கத்தான் வந்திருந்தார்கள். டெபோராவுக்கு முப்பத்தேழு வயது. கருக்குழாய் இரண்டும் அடைப்பு. சோதனைக் குழாய் முறையை விட்டால் வேறு வழியில்லை. போன தடவை இதே டாக்டர்தான், கருமுட்டை குறைந்துகொண்டே போகிறது, ஆறு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று எச்சரித்தார். இன்று அதே வாய், யோசித்துப் பார்த்தேன், உங்கள் கேஸை நான் எடுப்பதாக இல்லை என்றது.

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் டெபோரா அழவில்லை. கைக்கடிகாரத்தின் மூடியைத் திறந்து முள்ளைத் தடவிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து பலகையை எடுத்தாள். ஜூன் 19, வியாழன், காலை பத்து நாற்பது. இடம், டாக்டர் அறை. இருப்பவர்கள்: நான், என் கணவர் ஜோஷுவா, மாமியார் கிரேஸ். இவ்வளவையும் குத்தி முடித்த பிறகே முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மருத்துவக் காரணம் ஏதாவது இருக்குதா சார்? என் உடம்பு தாங்காதுன்னு?"

"அப்படி ஒண்ணுமில்லை. ரிப்போர்ட் எல்லாம் சரியாத்தான் இருக்கு."

டக் டக்.

"அப்போ காரணம்?"

"வினண்டி அம்மா, கேளுங்க." பாதித் தெலுங்கிலும் பாதித் தமிழிலும் டாக்டர் பொறுமையாகவே பேசினார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "ரெண்டு பேருமே பார்வை இல்லாதவங்க. குழந்தை தவழ ஆரம்பிச்சா யார் பார்த்துக்குவாங்க? நான் குழந்தையை நினைச்சுச் சொல்றேன். எனக்கும் மனசாட்சி இருக்கில்ல?"

மூன்று வருடத்துக்கு முன்பு நடந்த ஒன்றையும் சொன்னார். நடமாட முடியாத ஒரு தம்பதிக்கு அவர் கையால் குழந்தை பிறந்தது. இரண்டு வயதானபோது, அதை வளர்க்கும் பெரியம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து, எதற்காக இவர்களுக்குக் கொடுத்தீர்கள், இப்போது பாடு யாருக்கு என்று கேட்டாளாம். அந்தக் கேள்வி இன்னும் தன்னைத் தூங்கவிடவில்லை என்றார்.

டெபோரா அதையும் விடாமல் எழுதிக்கொண்டாள்.

"அந்தம்மாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும் சார். அவங்க வேற, நான் வேற. வெளியே ஹால்ல இருபது பேராவது உட்கார்ந்திருப்பாங்க. குழந்தை தவழ்ந்தா யார் பார்ப்பாங்கன்னு அவங்கள்ல ஒருத்தரையாவது கேட்டிருக்கீங்களா?"

 பக்கத்தில் ஜோஷுவா தொண்டையைக் கனைத்தான். இரண்டு பேரும் ஒரே பார்வையற்றோர் பள்ளியில், ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் கனைத்தால் அடுத்து குறும்பு வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

"கொலுசு வாங்கி வெச்சிட்டோம் சார். எங்க தவழ்ந்து போனாலும் சத்தம் வரும். கண்ணு தெரிஞ்சவங்க வீட்டுலதான் குழந்தை கட்டிலுக்கு அடியில இருக்க, தெரு முழுக்கத் தேடிக்கினு இருக்காங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "எமர்ஜென்சி தவிர, எந்தப் பேஷன்டை எடுக்கணும் எடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ற சுதந்திரம் டாக்டருக்கு உண்டு. அதையும் எழுதிக்குங்க."

"எழுதிட்டேன். நிச்சயமா உண்டு சார். உங்களுக்கு வராத வைத்தியம்னா வேண்டாம்னு சொல்லலாம். என் உயிருக்கு ஆபத்துன்னா சொல்லலாம். என் கண்ணைக் காட்டி வேண்டாம்னு சொல்லத்தான் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இடமில்லை. அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதே காரணத்தை உங்க லெட்டர்ஹெட்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. எழுந்து போயிடறேன்."

"எழுதியெல்லாம் தர முடியாதும்மா."

"சொன்ன வாய்க்கு எழுத என்ன சார் தயக்கம்?"

அதற்குமேல் டாக்டருக்குப் பொறுமை இல்லை. "கண் மட்டும் காரணமில்லை. இவரோட சித்தப்பா பாலசுந்தரத்துக்கும் இருபது வயசுக்கு மேல பார்வை போச்சா இல்லையா? வம்சத்துல ஓடுது. தெரிஞ்சே நான் எப்படிச் செய்யறது?"

எழுத்தூசி நின்றது.

விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்த அன்று டெபோரா ஒவ்வொரு கேள்வியையும் படிக்கச் சொல்லிக் கேட்டுத்தான் பதில் சொன்னாள். தனக்கு இரண்டு வயதில் தட்டம்மை வந்து பார்வை போனதையும், ஜோஷுவாவுக்கு ஏழு வயதில் மங்கத் தொடங்கியதையும் மறைக்கவில்லை. ஆனால் சித்தப்பாவைப் பற்றி விண்ணப்பத்தில் கேள்வியே இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. பெயரோடு, வயதோடு இவருக்கு எப்படித் தெரியும்?

ஜோஷுவாவின் கை அவள் முழங்கையைத் தேடி வந்து பிடித்தது. அவனுக்கும் அதே கேள்வி.

"அப்படின்னா ஜெனடிக் டெஸ்ட்டுக்கு எழுதிக் கொடுங்க சார். அந்த டாக்டர்கிட்ட பேசறோம். ரிசல்ட் எதுவா இருந்தாலும் முடிவு நாங்க எடுக்கறோம்."

"டெஸ்ட்டுல எல்லாமே தெரியாதும்மா. இத்தோட விட்டுருங்க."

டெபோரா தாளைச் சட்டத்திலிருந்து உருவித் திருப்பினாள். வலமிருந்து இடமாகக் குத்திய புள்ளிகள் மறுபக்கம் மேடாக எழுந்திருந்தன. விரலை வைத்து, முதல் வரியிலிருந்து, வகுப்பில் பாடம் வாசிக்கும் அதே குரலில் வாசித்தாள். சித்தூர் அரசுப் பள்ளியில் பதினோரு வருடமாகச் சோஷியல் டீச்சர். கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரல். டாக்டர் சொன்னதில் ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை.

"இதுல தப்பு ஏதாவது இருந்தாச் சொல்லுங்க, திருத்திக்கிறேன். இல்லைன்னா கீழே கையெழுத்து."

"என்னால படிக்க முடியாத காகிதத்துல நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது?"

"அதே கஷ்டத்தோடதான் சார் உங்க விண்ணப்பத்துல நாங்க ஒன்பது இடத்துல போட்டோம்" என்றான் ஜோஷுவா.

*

வரவேற்பு மேசையில் இருந்தவள் ரக்ஷிதா. காலையில் உள்ளே நுழைந்ததுமே, "ஸ்தோத்திரம் ஆன்ட்டி" என்று கிரேஸைப் பார்த்து வணக்கம் சொன்னவள். சித்தூர் சபையின் மாதர் சங்கச் செயலாளர் சுந்தரம்மாவின் மகள். ஆறு மாதமாக இங்கே வேலை.

டெபோரா தன் கேஸ் ஷீட்டின் நகல் வேண்டும் என்றாள். கேட்ட எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்றாள். குறைதீர்ப்புப் பிரிவு எங்கே, பொறுப்பு யார் என்றும் கேட்டாள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை போலும். இரண்டு மூன்று பேர் கூடி முணுமுணுத்தார்கள். கடைசியில் ஒரு விண்ணப்பத் தாளை எழுதி வாங்கி, பெருவிரல் ரேகை வைக்க மைப்பெட்டியை அவள் கையருகே நகர்த்தினார்கள். அவள் அதைத் திரும்ப நகர்த்திவிட்டு, தன் பேனாவால் கையெழுத்துப் போட்டாள்.

நேரத்தைக் குறித்து முத்திரை குத்தும்போது ரக்ஷிதா குனிந்திருக்க வேண்டும். முகப் பவுடர் வாசனை கிட்டத்தில் வந்தது. குரல் மிகத் தாழ்ந்து வந்தது.

"அக்கா, மூணாவது பக்கம் இல்லாம வாங்கிக்காதீங்க."

என்னம்மா என்று டெபோரா கேட்பதற்குள் அவள் அடுத்த டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டாள்.

இனி வேண்டியது ஒன்றுதான். டாக்டர் சொன்னதைச் சாதாரண எழுத்தில், பார்வையுள்ள ஒருவர் கைப்பட எழுதி, நானும் கேட்டேன் என்று கையெழுத்திட வேண்டும். புகார் கொடுக்கிற இருவருமே பார்வையற்றவர்கள். கிரேஸ் மட்டும்தான் மூன்றாவது ஆள்.

படிக்கட்டிலேயே டெபோரா கேட்டாள். கிரேஸ் உடனே மறுத்துவிட்டாள்.

"டாக்டருக்கு எதிரா நான் கையெழுத்துப் போட மாட்டேன் கண்ணு. வேற எது வேணா கேளு."

காரணம் டெபோராவுக்குத் தெரியாததில்லை. ஜோஷுவா பிறந்தபோது கழுத்தில் கொடி சுற்றி, மூச்சில்லாமல் நீலமாக வந்தான். மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா தன் வாயை வைத்து ஊதி அவனை அழ வைத்தாள். அன்று முதல் கிரேஸ் எந்த டாக்டர் எதிரிலும் உட்கார்ந்ததில்லை. இன்றும், நாற்காலி காலியாக இருந்தும், அந்த அறையில் அரை மணி நேரம் நின்றுகொண்டேதான் இருந்தாள்.

"அவர் சொன்னதை நீங்க கேட்டீங்களா இல்லையா அத்தை?"

"கேட்டேன்."

"அதைத்தானே எழுதச் சொல்றேன்."

"வாணாம்மா. சென்னையில இல்லாத ஆஸ்பத்திரியா? அங்க பார்த்துக்கலாம்."

"பார்க்கத்தான் போறேன். ஆனா இதை இப்படியே விட்டுட்டுப் போனா, அடுத்து வர்றவளுக்கும் அவர் இதையேதான் சொல்வார்."

*

புத்தலப்பட்டில் பஸ் நின்றுவிட்டது. மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்குப் போகும் லாரிகள் வரிசை பிடித்து நின்றதால், அரை மணிக்குக் குறையாது என்றார் கண்டக்டர். வெயிலில் பழுத்த பெங்களூரா மாம்பழ வாசனை ஜன்னல் வழியாகக் குப்பென்று உள்ளே வந்தது. பாதிப் பேர் டீ குடிக்க இறங்கிப் போனார்கள். இவர்கள் மூவரும் கடைசிக்கு முந்தைய சீட்டில் இருந்தார்கள்.

ஜோஷுவா வழியெல்லாம் பேசவில்லை. பேங்க்கில் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு போனில் பேசியே பழகியவன். பேசாமல் இருந்தால் உள்ளே எதையோ கோத்துக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம்.

"பாலசுந்தரம் சித்தப்பா விஷயம் யாருக்குத் தெரியும்?" என்றான். "சித்தப்பா ராமகுப்பத்துல இருக்கார். பட்டுப்பூச்சி ஷெட்டை விட்டு வெளியே வர்றதில்லை. நைனாவுக்குத் தெரியும், அவரோட தம்பிதானே. எனக்குத் தெரியும். டெபோராவுக்குத் தெரியும். அம்மா, உனக்குத் தெரியும்."

கிரேஸின் கைப்பை திறந்து மூடும் கிளிக் சத்தம் மட்டும் கேட்டது. திறந்தாள், மூடினாள். திறந்தாள், மூடினாள்.

"சீட்டு எழுதிப் போட்டேன்" என்றாள் கடைசியில்.

வெள்ளிக்கிழமை மாதர் சங்க ஜெபக்கூட்டத்தில் பிஸ்கட் டப்பா ஒன்று சுற்றி வரும். வேண்டுதல் உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். செயலாளர் ஒவ்வொன்றாக எடுத்து உரக்கப் படிக்க, எல்லோரும் அதற்காக ஜெபிப்பார்கள். சித்தூர் சபையில் அறுபது எழுபது வருடமாக நடக்கும் வழக்கம். பெயரைச் சொல்லி, நோயைச் சொல்லி, ஊரைச் சொல்லித்தான் எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக எழுதினால் அது விலாசம் இல்லாத தபால் மாதிரி என்று கிரேஸே புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். போன வெள்ளிக்கிழமை, டெபோரா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம், சுந்தரம்மா அந்தச் சீட்டைப் படித்திருக்கிறாள்.

"இன்னான்னு எழுதினே? வார்த்தை மாறாம சொல்லு."

"வேணாம்டா."

"சொல்லும்மா."

கிரேஸ் சொன்னாள். பைபிள் வசனம் ஒப்பிப்பதுபோல், ஏற்ற இறக்கமில்லாமல்.

"என் மகன் ஜோஷுவாவும் மருமகள் டெபோராவும் குழந்தைக்காகத் திருப்பதியில் வைத்தியம் பார்க்கிறார்கள். இருபத்திரண்டு வயதில் என் கொழுந்தன் பாலசுந்தரத்துக்கும், சிறு வயதில் என் மகனுக்கும் வந்த குறை, பேரப்பிள்ளைக்கு வராதபடி ஜெபிக்கவும். கிரேஸ் இயேசுதாசன்."

லாரி ஒன்று பெரிதாக ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை ஜோஷுவா காத்திருந்தான்.

"நான் உனக்கு வந்த குறையாம்மா?"

அவன் கத்தியிருந்தால் கிரேஸ் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் கேட்டது, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரலில்.

"உன்னை அப்படிச் சொல்லலடா. பயந்துக்கினு எழுதினேன். ஏழு வயசுல நீ கதவுல முட்டிக்கினு வந்து, 'அம்மா, லைட் போடு'ன்னு சொன்னே. லைட் எரிஞ்சுக்கினுதான் இருந்தது. அதை இன்னொரு தரம் கேக்க எனக்குத் தெம்பு இல்லை."

 மாமியாரின் மேல் டெபோராவுக்குக் கோபத்தைவிட வேறு ஒன்று இருந்தது. டாக்டர் யாரோ மனிதர், சொல்லிவிட்டுப் போகட்டும். இந்தக் கை ஒன்பது வருடமாகத் தனக்குத் தலை வாரிவிட்ட கை; மீனில் முள் எடுத்துத் தட்டில் வைத்து, துன்னு கண்ணு என்று சொன்னவளின் கை.

"அத்தை, எனக்குக் கண்ணு தெரியாத குழந்தை பிறந்தா, நான் அதுக்குப் பிரெய்ல் கத்துக் கொடுப்பேன். ஜோஷுவா பஸ் ஏறக் கத்துக் கொடுப்பான். லைட்டுக்காக அது அழாது. எங்க வீட்டுல லைட் இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதான்னு பிறந்த அன்னைக்கே அதுக்குத் தெரிஞ்சிடும். டாக்டர் சொன்னதும் நீங்க எழுதினதும் ஒரே விஷயம்தான். என்ன, அவர் எழுதித் தர மாட்டேன்னார். நீங்க எழுதியே கொடுத்துட்டீங்க."

கிரேஸ் எழுந்தாள். கம்பியைப் பிடித்தபடி நடந்து பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனாள். செருப்புச் சத்தம் லாரி இரைச்சலில் கரைந்தது. ஜோஷுவா எழப் போனான். டெபோரா அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. கூடவே புதுக் காகிதத்தின் வாசனை. கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

"பேனா இருக்குது. நீ படி. நான் எழுதறேன்."

டெபோரா தாளை விரித்து, விரலை ஓட்டி வாசித்தாள். எழுத்து எழுத்தாகக் கிரேஸ் எழுதினாள். பேனா முள் காகிதத்தில் உரசுவது தெளிவாகக் கேட்டது. டாக்டர் ரிப்போர்ட் எல்லாம் சரி என்று சொன்ன இடத்தில், இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டு, அடிக்கோடு போட்டாள். நடமாட முடியாத தம்பதியின் கதை வந்தபோது பெருமூச்சு விட்டாள். ஆனாலும் விட்டுவிடாமல் எழுதினாள். வாசித்து முடித்த பிறகும் பேனா நிற்கவில்லை.

"அவ்ளோதான் அத்தை. இனிமே உங்க கையெழுத்து."

"இன்னும் ஒரு வரி இருக்குது. அது உன் தாள்ல இல்லாதது." எழுதிக்கொண்டே படித்தாள். "பாலசுந்தரம் விஷயம் நாங்கள் மருத்துவமனையில் சொன்னதல்ல. நான் மாதர் சங்கத்தில் எழுதிக் கொடுத்த சீட்டிலிருந்து அது வெளியே போயிருக்கிறது. எப்படிப் போனது என்று விசாரிக்க வேண்டும்."

டெபோராவுக்கு ரக்ஷிதாவின் தாழ்ந்த குரல் நினைவுக்கு வந்தது. மூணாவது பக்கம். சித்தப்பாவின் பெயர் அதில்தான் இருக்க வேண்டும். டாக்டரிடம் சொன்னவளே எச்சரித்தாளா? அல்லது சொன்னது வேறு யாராவதா?

"அந்த வரியைப் போட்டா ரக்ஷிதா வேலைக்கு ஆபத்து வரும். சபையில உங்களைச் சும்மா விட மாட்டாங்க. மாமா இன்னும் ஒரு வருஷம் சபைப் பொருளாளர். யோசிச்சுப் போடுங்க."

"உங்க மாமாகிட்ட நான் பேசிக்கறேன். அந்தப் பொண்ணு தப்பு பண்ணலைன்னா விசாரிச்சாலும் ஒண்ணும் ஆகாது. அரை மணி நேரம் நின்னுக்கினே கேட்டவ நான். உட்கார்ந்து எழுதறதுக்கு என்ன வந்தது?"

கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். நோட்டை டெபோராவின் கையில் வைத்து, அந்தக் கையைத் தன் இரு கைகளாலும் மூடினாள்.  ஜோஷுவா நகர்ந்து உட்கார்ந்து, ஜன்னல் ஓரத்தை அம்மாவுக்குக் கொடுத்தான்.

முன்னால் லாரிகள் நகரத் தொடங்கின. கண்டக்டர் விசில் அடித்தார். அப்போதுதான் கிரேஸின் பையிலிருந்து போன் அடித்தது. சுந்தரம்மா.

இரண்டு மூன்று மணியடிக்க விட்டார்கள். பிறகு கிரேஸ் எடுத்தாள். மறுமுனையில் சுந்தரம்மாவின் குரல் பக்கத்து சீட்டுக்கே கேட்டது. ஆஸ்பத்திரியில் ஏதோ தகராறு என்று மகள் போன் செய்தாளாம். நம் சபைப் பெயர் எதற்கு வெளியே வர வேண்டும், நாளைக்கு ஜெபத்தில் வைத்துவிடலாம், ஒரு சீட்டு மட்டும் கொடு என்றாள்.

"குடுக்கறேன் சுந்தரம்மா" என்றாள் கிரேஸ். "நாளைக்குச் சீட்டு இல்லை, நோட்டே கொண்டாறேன். நாலு பக்கம். எப்பவும்போல நீதான் எழுந்து நின்னு படிக்கணும். பேர் சொல்லி, ஊர் சொல்லி, ஒரு வார்த்தை விடாம."

 டெபோரா கடிகார மூடியைத் திறந்து முள்ளைத் தடவினாள். கேஸ் ஷீட்டுக்கு இன்னும் அறுபத்தொன்பது மணி நேரம். மாதர் சங்கக் கூட்டத்துக்கு அவ்வளவுகூட இல்லை.